அவசரம் யாருக்கு? ஊடுபால் குழந்தைகளும் அவர்களுக்குத் துணைநிற்பதும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கூறினார். செய்தித்தாள்களின் தலைப்புகளை அந்தப் பகுதியே பிடித்துக்கொண்டது. அதே தீர்ப்பின் பிற்பகுதியில், ஊடுபால் உடலமைப்புடன், அதாவது ஆண், பெண் என்ற இரு வடிவங்களிலும் முழுமையாகப் பொருந்தாத உடலோடு, பிறக்கும் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க அரசாணை வெளியிடுமாறு தமிழக அரசுக்கு அவர் உத்தரவிட்டிருந்தார். அதன்படி 2019 ஆகஸ்ட் 13 அன்று மக்கள் நல்வாழ்வுத் துறை அரசாணை பிறப்பித்தது. இந்தியாவில் இத்தகைய தடையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடுதான்.

திருநங்கை ஒருவரின் திருமண வழக்கில் இந்த உத்தரவு வந்ததால், ஊடுபால் மனிதர்களும் திருநரும் ஒன்றே என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. வயது வந்த திருநர் தாமே விரும்பிச் செய்துகொள்ளும் சிகிச்சையையும் அரசாணை தடுக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. தம் வீட்டிலோ உறவிலோ அண்டை வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலோரிடம் விடை இல்லை. ஊடுபால் மனிதர்களுக்குத் துணைநிற்க விரும்புவோர் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு உடலியலின் சில அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஊடுபால் என்றால் என்ன

மனித உடலின் பால் ஒரே கூறால் முடிவாவதில்லை. குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு, பருவ வயதில் தோன்றும் மாற்றங்கள் என்று அது பல படிகளாக அமைகிறது. கரு உருவாகி ஏறத்தாழ ஆறு வாரம் வரை எல்லாக் கருவிலும் இனப்பெருக்கச் சுரப்பி ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள, 1990-ல் கண்டறியப்பட்ட எஸ்ஆர்ஒய் என்னும் மரபணு செயல்பட்டால் அந்தச் சுரப்பி விந்தகமாகும். இல்லையெனில் பெரும்பாலும் சூலகமாகும். விந்தகம் சுரக்கும் ஹார்மோன்களும், அவற்றை ஏற்றுச் செயல்படும் திசுக்களும் சேர்ந்துதான் அடுத்த படிகளை நடத்துகின்றன. இந்தப் படிகளில் ஏதோ ஒன்று வழக்கமான பாதையிலிருந்து விலகும்போது, ஆண் உடல், பெண் உடல் என்று மருத்துவம் வரையறுத்திருக்கும் இரு வடிவங்களிலும் முழுமையாகப் பொருந்தாத உடலோடு குழந்தை பிறக்கிறது. அந்த உடலமைப்பையே ஊடுபால் என்கிறோம். இடைப்பால், இடையிலிங்கம் என்ற சொற்களும் வழக்கில் உள்ளன. இதில் பல வகைகள் உண்டு. பின்னால் வரும் செய்திகளுக்குத் தேவையான நான்கை மட்டும் இங்கே பார்க்கலாம்.

1. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் கார்டிசோல் என்னும் ஹார்மோன் போதிய அளவு உண்டாகாமல் ஆண்பால் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. இரண்டு எக்ஸ் குரோமோசோமும் கருப்பையும் சூலகமும் கொண்ட குழந்தையின் வெளியுறுப்பு, ஆணுறுப்பை ஒத்து வளர்ந்திருக்கக்கூடும்.

2. ஆன்ட்ரோஜன் உணர்வின்மை. எக்ஸ், ஒய் குரோமோசோம்களும், வயிற்றுக்குள் அல்லது அடிவயிற்றில் தங்கிய விந்தகங்களும் இருக்கும். அவை சுரக்கும் ஆன்ட்ரோஜன் என்னும் ஆண்பால் ஹார்மோனை உடலின் திசுக்கள் ஏற்பதில்லை. முழுமையான உணர்வின்மை உள்ளவர் பெண் குழந்தையாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, மார்பகமும் பெறுவார். கருப்பை இல்லாததால் பூப்பெய்தாதபோதுதான் பல குடும்பங்களுக்கு விவரம் தெரியவருகிறது.

3. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு. டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான மற்றொரு ஹார்மோனாக மாற்றும் நொதி குறைவதால், பிறப்பில் பெண்ணுறுப்பை ஒத்திருக்கும் உறுப்பு பருவ வயதில் வளர்கிறது; குரல் உடைகிறது; உடல் ஆண் உடலாகிறது.

4. குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபாடு. இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் கொண்ட கிளைன்ஃபெல்டர் நிலையும், ஒற்றை எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நிலையும் இதில் அடங்கும். இவர்களில் பலர் தம்மை ஊடுபால் என்று அழைத்துக்கொள்வதில்லை. அந்த விருப்பத்தையும் மதிக்க வேண்டும்.

ஊடுபால் மனிதர்களை 'இருபாலுயிரி' என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. மண்புழுவுக்கும் நத்தைக்கும் பொருந்தும் சொல் அது. ஆண், பெண் என இரு இனப்பெருக்க மண்டலங்களும் முழுமையாக இயங்கும் உயிரினத்தையே அது குறிக்கும். மனிதர்களில் அப்படி யாரும் இல்லை. உயிரியல் நோக்கில் பிழையான சொல், மனிதரை நோக்கி வரும்போது இழிவாகவும் ஆகிறது.

எத்தனை பேர்

ஐக்கிய நாடுகள் சபையின் வெளியீடுகளில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்ற கணக்கு காணப்படுகிறது. இத்தனை பெரிய இடைவெளி, எதை எண்ணுகிறோம் என்பதால் வருகிறது. மேல் எல்லையான 1.7 விழுக்காடு 2000-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி, அதாவது 1.5 விழுக்காடு, பிற்காலத்தில் வெளிப்படும் லேசான அட்ரீனல் மிகைவளர்ச்சி. பிறந்தவுடன் வெளியுறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத நிலை மட்டும் என்றால், ஏறத்தாழ 4,500 முதல் 5,500 பிறப்புகளுக்கு ஒன்று என்பதே மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு. ஆதரவாளர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துச் சொல்லும் பழக்கம் நல்லதன்று. எதிர்த்தரப்பு அந்த எண்ணை உடைத்துவிட்டால் வாதம் முழுவதும் உடைந்ததுபோல் தோன்றிவிடும். ஒரு குழந்தையின் உடலின் மீது அதற்குள்ள உரிமை, அதைப்போல எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறாது.

திருநரும் ஊடுபாலும்

ஊடுபால் என்பது உடலின் அமைப்பைப் பற்றியது. திருநர் என்பது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் ஒருவர் உள்ளத்தால் உணரும் பாலினமும் வேறுபடுவதைப் பற்றியது. பெரும்பாலான திருநர் வழக்கமான ஆண் அல்லது பெண் உடலோடு பிறந்தவர்கள். ஊடுபால் மனிதர்களில் பெரும்பாலோர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ உணர்ந்து அப்படியே வாழ்பவர்கள். ஒருவர் ஊடுபாலாகவும் திருநராகவும் இருப்பதும் உண்டு.

இரண்டையும் கலப்பதால் வரும் இழப்பு சொல்லளவில் நிற்பதில்லை. திருநர் பாதுகாப்புக்காக 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஊடுபால் வேறுபாடுள்ளவர்களையும் 'திருநர்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. தம்மைப் பெண்ணாகவே உணரும் ஓர் ஊடுபால் பெண், தான் திருநர் என்று பதிவு செய்துகொண்டால்தான் சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கும் என்றால், அவர் பெரும்பாலும் பதிவே செய்ய மாட்டார். இரு தரப்பின் கோரிக்கைகளும் எதிரெதிர் முனையிலிருந்து வருபவை: திருநர் தமக்கு வேண்டிய சிகிச்சை கிடைக்கவில்லை என்கிறார்கள், ஊடுபால் மனிதர்கள் தாம் கேட்காத சிகிச்சை தம் மீது செய்யப்பட்டது என்கிறார்கள். தன் உடலைப் பற்றிய முடிவு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அதனால்தான் திருநர் வழக்கொன்றில் ஊடுபால் குழந்தைகளுக்கான உத்தரவு வந்தது பொருத்தமாக இருந்தது.

குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்ற வழக்கம் எப்படி வந்தது

1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் மணி, குழந்தையின் பாலின உணர்வை வளர்ப்பே உருவாக்குகிறது என்றும், மிக இளம் வயதிலேயே உறுப்பைத் திருத்தி, ஐயத்துக்கு இடமின்றி ஆணாகவோ பெண்ணாகவோ வளர்த்தால் குழந்தை அப்படியே ஆகிவிடும் என்றும் கருதினார். இந்தக் கருத்துக்குப் பெரிய சான்றாகக் காட்டப்பட்டது கனடாவைச் சேர்ந்த டேவிட் ரைமரின் நிலை. அவர் ஊடுபால் அல்லர். 1965-ல் பிறந்த ஆண் குழந்தை. சுன்னத்து செய்யும்போது நேர்ந்த விபத்தில் உறுப்பை இழந்த அவரைப் பெண்ணாக மாற்றி வளர்க்குமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டது. இந்த முயற்சி வெற்றி என்று பல ஆண்டுகள் மருத்துவ உலகம் நம்பியது. அவர் பெண்ணாக வாழ மறுத்துப் பதின்ம வயதிலேயே ஆணாக வாழத் தொடங்கியிருந்தார் என்பது 1997-ல்தான் ஆய்விதழில் வெளியானது. 2004-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சான்று சரிந்த பிறகும் வழக்கம் சரியவில்லை. குழந்தைப் பருவத்தில் அறுவைக்கு ஆளானவர்களே வளர்ந்து பேச முன்வந்தபோதுதான் விவாதம் திசைமாறியது. 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டு வாயிலில் அவர்கள் நின்று போராடினார்கள். அந்த நாளே இன்று ஊடுபால் விழிப்புணர்வு நாளாக உள்ளது. 2015-ல் மால்டா, ஒப்புதல் தர இயலாத குழந்தைக்குச் செய்யப்படும் அவசியமற்ற பால் உறுப்பு அறுவைகளைச் சட்டத்தால் தடுத்தது. ஜெர்மனி 2021-ல் அந்த வழியில் வந்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றம் ஊடுபால் மனிதர்களுக்கு எதிரான பாகுபாட்டைப் பற்றிய தன் முதல் தீர்மானத்தை 24 வாக்குகளுடன் நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை, 23 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

எது அவசரம், எது அவசரமன்று

குழப்பம் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் திரள்கிறது. துணைநிற்க விரும்புவோர் நன்கு அறிந்திருக்க வேண்டியதும் இதுவே. பிரசவ அறையில் செவிலியர் தயங்கும் அந்த நிமிடத்தில் குடும்பம் கேட்பது ஒன்றே: ஆணா, பெண்ணா? அதற்கு உடனே விடை தெரிய வேண்டும் என்ற சமூக அவசரமும், குழந்தையின் உயிரைக் காக்க வேண்டிய மருத்துவ அவசரமும் ஒன்றோடொன்று குழம்பும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

1. உப்பிழப்பு நிலை உண்மையான அவசரம். அட்ரீனல் மிகைவளர்ச்சியின் கடுமையான வகையில் குழந்தையின் உடல் உப்பைத் தக்கவைக்க முடியாமல் இழக்கிறது. பிறந்த முதல் மூன்று வாரங்களுக்குள் பால் குடிக்க மறுத்தல், வாந்தி, எடை குறைதல், சோர்வு ஆகியவை தோன்றும். கவனிக்காவிட்டால் குழந்தை இறந்துவிடும். இதற்கு மருந்து உண்டு. ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் ஆகிய மருந்துகளை வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். எக்ஸ், ஒய் குரோமோசோம் கொண்ட குழந்தைக்கு இந்நோய் இருந்தால் வெளியுறுப்பில் வேறுபாடு தெரியாது என்பதால், வெறும் வயிற்றுப்போக்கு வாந்தி என்று நினைத்துக் காலம் கடத்துவதும் நேர்கிறது. இங்கே உயிரைக் காப்பது மருந்து. உறுப்பை வெட்டுவதால் இந்த நோய் ஒரு துளியும் தீராது.

2. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் அடைபடுதல், சிறுநீர்ப்பையோ குடலோ உடலுக்கு வெளியே திறந்த நிலையில் பிறத்தல் போன்றவற்றுக்கு அறுவை தேவை, தள்ளிப்போட முடியாது.

3. விந்தகம் அல்லது முழுமையாக வளராத சுரப்பியில் புற்றுநோய் வரலாம் என்ற காரணத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லா வகைகளையும் ஒரே அச்சத்தால் அளக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. முழுமையான ஆன்ட்ரோஜன் உணர்வின்மையில் பருவ வயதுக்கு முன் ஆபத்து மிகக் குறைவு. ஒய் குரோமோசோம் பகுதியோடு சுரப்பி வளராமல் போன சில நிலைகளில் ஆபத்து உண்மையாகவே அதிகம். முன்னதில் காத்திருக்கலாம், பின்னதில் மருத்துவர் அகற்றச் சொன்னால் அது உரிமை மீறலாகாது. சுரப்பியை அகற்றிவிட்டால் உடல் தானே ஹார்மோன் சுரக்காது, எலும்பு வலுவிழக்கும், வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மருந்து எடுக்க வேண்டிவரும். அந்த விலை கொடுக்கத் தகுந்த காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

4. உறுப்பு பார்ப்பதற்கு ஆண் அல்லது பெண் உறுப்பைப் போல இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் அறுவை அவசரமன்று. பெண்குறிக் காம்பைக் குறைப்பது, குழந்தையிலேயே யோனிக் குழாய் அமைப்பது ஆகியவை இதில் அடங்கும். தழும்பு, உணர்விழப்பு, வலி, மறுபடி மறுபடி அறுவை, சிறு வயதில் அமைத்த குழாய் சுருங்காமல் இருக்க அதைத் திரும்பத் திரும்ப விரிக்கும் சிகிச்சை என்று இதன் விளைவுகள் வாழ்நாளெல்லாம் தொடர்வதை, அனுபவித்தவர்கள் பல நாடுகளில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பாலுக்கு ஏற்ப வெட்டினார்களோ அந்தப் பாலாக அந்தக் குழந்தை வளர்ந்து தன்னை உணராமல் போனால் திரும்பிச் செல்ல வழி இல்லை. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டில் இது வெறும் கற்பனை அச்சமன்று: பெண்ணாக வளர்க்கப்பட்டவர்களில் கணிசமானோர் பருவ வயதுக்குப் பின் ஆணாக வாழ்கிறார்கள்.

'அறுவை செய்யாமல் விட்டால் பள்ளியில் கேலி செய்வார்களே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று எப்படி?' என்று பெற்றோர் கேட்பது அன்பினால் எழும் கேள்வி. அதை அலட்சியம் செய்பவர் அந்தக் குடும்பத்துக்குத் துணையாக முடியாது. நேர்மையான விடை இதுதான்: உடுத்த உடைக்குள் இருப்பதைப் பள்ளி பார்ப்பதில்லை, கேலி செய்பவரைத் திருத்துவதற்குப் பதிலாகக் கேலிக்கு ஆளாகக்கூடிய குழந்தையின் உடலை வெட்டுவது நியாயமாகாது, திருமண வயதில் அவரே விரும்பினால் அப்போது அறுவை செய்துகொள்ளும் வழி திறந்தே இருக்கிறது. காத்திருப்பது எந்தக் கதவையும் மூடுவதில்லை. குழந்தைக்கு ஆண் பெயரோ பெண் பெயரோ சூட்டி, ஆணாகவோ பெண்ணாகவோ வளர்க்க எந்த அறுவையும் தேவையில்லை என்பதையும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காத்திருப்பது என்றால் 'பால் இல்லாத பிள்ளையாக' வளர்ப்பது என்று அவர்களில் பலர் அஞ்சுகிறார்கள்.

அரசாணை சொல்வதும் சொல்லாததும்

1. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் மாற்று அறுவை சிகிச்சை செய்யக் கூடாது.

2. எது உயிருக்கு ஆபத்தான நிலை என்பதை ஒரு மருத்துவர் தனியே முடிவு செய்ய முடியாது. குழந்தை அறுவை மருத்துவர் அல்லது சிறுநீரக அறுவை மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் அல்லது ஊடுபால் செயற்பாட்டாளர், சார்புச் செயலாளர் நிலைக்குக் குறையாத அரசுப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழுவின் பரிந்துரை வேண்டும்.

3. பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பது இந்த ஆணைக்கு அடிப்படையான தீர்ப்பின் கருத்து. கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது மட்டும் போதிய விடையாகாது.

4. வயது வந்த ஊடுபால் மனிதரோ திருநரோ தாமே முடிவு செய்து பெறும் சிகிச்சையை இது தொடவில்லை. அட்ரீனல் மிகைவளர்ச்சிக்கான மருந்தையும் இது தடுக்கவில்லை.

ஆணையில் 'பால் மாற்று அறுவை' என்ற சொல் இருப்பது ஒரு பலவீனம் என்று கருதுகிறேன். ஒரு மருத்துவமனை தான் செய்வதை 'சீரமைப்பு', 'குறைபாடு திருத்தம்' என்று எழுதிக்கொண்டால், அது ஆணையின் வரம்புக்குள் வருமா என்ற சந்தேகத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. மால்டாவின் சட்டம் பெயரைப் பிடித்துக்கொள்ளாமல், குழந்தையின் பால் கூறுகளின் மீது செய்யப்படும், தள்ளிப்போடக்கூடிய எந்தச் சிகிச்சையையும் தடுக்கிறது. அரசாணை நிர்வாக உத்தரவு மட்டுமே. சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின் வலு அதற்கு இல்லை. டெல்லியில் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதேபோன்ற தடையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டைத் தாண்டி நாடு முழுமைக்கும் பொருந்தும் தடைச் சட்டம் வேண்டும் என்பது மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி சங்கர் போன்றோர் தொடர்ந்து எழுப்பிவரும் கோரிக்கை.

துணைநிற்பது எங்கே, எப்படி

1. பிரசவ வார்டில். உறவில் ஒருவருக்கு இப்படிக் குழந்தை பிறந்தால், அத்தையோ சித்தப்பாவோ பெரியம்மாவோ செய்யக்கூடிய பெரிய உதவி, பெற்றோருக்கு அவகாசம் வாங்கித் தருவது. பார்க்க வருவோர் கேட்கும் கேள்விகளுக்குத் தாய் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'குழந்தையும் தாயும் நலம், பேர் வைக்கும்போது கூப்பிடுகிறோம்' என்று வாசலில் நின்று சொல்ல ஒருவர் போதும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம்: உப்பின் அளவு பார்த்தீர்களா? ஹார்மோன் மருத்துவர் பார்த்தாரா? சொல்லும் அறுவை இப்போது செய்யாவிட்டால் உயிருக்கு என்ன ஆகும்? குழுவின் பரிந்துரை இருக்கிறதா? குழந்தையின் உறுப்பை ஒளிப்படம் எடுக்கவோ, மாணவர் கூட்டத்துக்குக் காட்டவோ அனுமதி மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

2. தாயின் மீது பழி விழும்போது. ஆன்ட்ரோஜன் உணர்வின்மைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பல நேரம் தாயிடமிருந்து வரும், சில நேரம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றும். அட்ரீனல் மிகைவளர்ச்சியும் ரிடக்டேஸ் குறைபாடும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு மரபணு வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. அதைச் சொல்வது அடுத்த கருவுறுதலுக்கு முன் மரபணு ஆலோசனை பெறத்தான். கிரகணத்தில் வெளியே வந்தாள், சாபம் பட்டது என்று மருமகளைக் குற்றவாளியாக்கும் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். தாய்வழியில் பிள்ளையில்லாத பெரியம்மா, சித்தி யாரேனும் இருந்தால், 'மலடி' என்ற பட்டத்தைச் சுமந்த அவர்களுக்கும் ஆன்ட்ரோஜன் உணர்வின்மை இருந்திருக்கலாம் என்பது சில குடும்பங்களுக்கு அப்போதுதான் புரிகிறது.

3. மொழியில். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத வளர்ந்த ஒருவரை 'அது' என்று பேசுவது அவரை உயர்திணையிலிருந்து அஃறிணைக்குத் தள்ளுவது. ஒருவர் தம்மை அவன் என்றோ அவள் என்றோ சொன்னால் அதையே வழங்க வேண்டும். தெரியாதபோது 'அவர்' என்ற சொல் தமிழில் எப்போதும் தயாராக இருக்கிறது. வசைச் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. 'கோளாறு', 'குறைபாடு' என்ற சொற்களை நொதியின் குறைவைப் பேசும்போது பயன்படுத்தலாம். மனிதரைப் பேசும்போது கூடாது. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரரைக் காட்டித் தெய்வக் குழந்தை என்று போற்றுவோரின் நோக்கம் நல்லதாகவே இருக்கும். ஆயினும் வழிபடப்படும் குழந்தைக்கும் வகுப்பில் ஒரு சாதாரணப் பிள்ளையாக உட்காரும் வாய்ப்பு கிடைப்பதில்லை.

4. மைதானத்தில். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006-ல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு மருத்துவ மந்தணமாக இருந்திருக்க வேண்டிய செய்தி நாடு முழுவதும் ஊடகங்களில் விவாதப் பொருளானது. பின்னர் அவர் செங்கல் சூளையில் வேலை செய்ய நேர்ந்தது. மாநில விளையாட்டுத் துறையில் நிலையான பயிற்சியாளர் பணி கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோவுக்கு 1985-ல் ஜப்பானில் நேர்ந்ததும் இதுபோன்றதே. அவர் போராடி 1988-ல் மீண்டும் தகுதி பெற்றார். விளையாட்டில் தகுதி விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். சோதனை முடிவு வெளியே கசியக் கூடாது என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருப்பதால், இனி பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் தம் உடலைப் பற்றிய உண்மையை ஓர் ஆய்வகத் தாளில் முதன்முதலாக அறியக்கூடும். அந்தத் தாளை யார் பார்ப்பார், யார் அருகில் அமர்ந்து விளக்குவார் என்பதை மாவட்டப் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது மிக முக்கியம். ஒரு வீராங்கனையின் முகத்தையும் தசையையும் பார்த்து இணையத்தில் நோயறிதல் செய்வோரோடு நாம் சேராதிருப்பதும் துணைநிற்றலே.

5. கேள்வி கேட்காமல் இருப்பதில். ஒருவர் தாம் ஊடுபால் என்று சொன்னால், அவர் உடலின் உறுப்புகளைப் பற்றிக் கேட்க அது அனுமதி ஆகாது. பணியிடத்திலோ நட்பிலோ அவர் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்வதும் கூடாது.

6. வாதங்களில். 'ஆண், பெண் என்ற இரண்டு மட்டும் இல்லை பாருங்கள்' என்று வேறொரு விவாதத்தில் வெல்வதற்கு ஊடுபால் மனிதர்களை உதாரணமாக இழுத்துவிட்டு, குழந்தைகளின் அறுவை பற்றிப் பேச்சு வரும்போது வாய்மூடி இருப்பவர் அவர்களைக் கருவியாகத்தான் பயன்படுத்துகிறார். பேரணிப் பதாகையில் 'எல்ஜிபிடிகியூ' என்பதோடு ஊடுபாலைக் குறிக்கும் 'ஐ' என்ற எழுத்தைச் சேர்க்கும் அமைப்பு, தன் கூட்டத்தில் ஊடுபால் மனிதர் ஒருவரைப் பேச அழைத்ததா, தன் நிதியில் அவர்களுக்கென ஒதுக்கியதா என்பதைக் கேட்க வேண்டும்.

7. ஆவணங்களில். இது பலரும் எண்ணிப் பாராத இடம். குழந்தையாக இருந்தபோது தமக்கு என்ன செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள முயலும் ஊடுபால் மனிதர்கள், எலும்புத் தேய்மானத்துக்கோ தொடர்ந்த வலிக்கோ சிகிச்சை தேடும்போது, பழைய மருத்துவக் குறிப்பு இன்றித் தவிக்கிறார்கள். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டு வயதில் அறுவைக்கு ஆளான குழந்தை பதினெட்டு வயதில் சென்று கேட்டால் அந்த ஆவணம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே குரோமோசோம் சோதனை முடிவு, ஹார்மோன் அளவுகள், அறுவைக் குறிப்பு, அகற்றிய திசுவின் ஆய்வறிக்கை, வீடு திரும்பும்போது தரும் சுருக்கம் ஆகிய அனைத்தின் நகலையும் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். வெட்கத்தால் அவற்றைக் கிழித்துப் போடத் துணியும் பெற்றோரிடமிருந்து வாங்கி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் போட்டுப் பத்திரப்படுத்தி, பிள்ளை கேட்கும் நாளில் அவர் கையில் கொடுக்க உறவில் ஒருவராவது பொறுப்பேற்க வேண்டும்.